ஓர் ஆட்டக்காரனுக்கு நான் சொன்ன விலை

எழுபதுகளின் பிற்பகுதியில் தென்காசி வட்டாரத்தில் வாலிபால் ஆடியவர்களுக்கு என் பெயர் இப்போது மறந்திருக்கலாம். நோட்டு வைத்திருந்த ஆள் என்று சொன்னால் தெரிந்துகொள்வார்கள். நான் ஆட்டக்காரன் இல்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். மாதம் முந்நூற்றுப் பத்து ரூபாய் சம்பளம். சாயங்காலம் சங்கத்தைப் பூட்டியதும் சைக்கிளை மைதானத்துக்கு மிதிப்பேன். வலைக் கம்பத்துக்கு அருகே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவேன். அது யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை. வேறு யாரும் செய்யாததால் எனக்கு வந்து சேர்ந்தது.

ஸ்கோரோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொருவனும் எத்தனை பந்து அடித்தான், எத்தனை எதிர்ப்பக்கம் தரையில் விழுந்தது, எத்தனை வலையில் போயிற்று, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று ஆட்டம் இறுகும்போது யாருக்குக் கை தயங்குகிறது என்றெல்லாம் குறித்தேன். இரண்டு மூன்று வருஷத்தில் சுற்றுவட்டாரத்து ஆட்டக்காரர் அத்தனை பேரும் என் நோட்டில் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் வெளியூரிலிருந்து இரண்டு பேரைக் கூலி பேசிக் கூட்டி வருவது வழக்கம். பஸ் சார்ஜ், சாப்பாடு, கையில் ஏதாவது ஒரு தொகை. அந்தத் தொகை எவ்வளவு என்பதில்தான் எப்போதும் சண்டை. முதலில் எங்கள் கிளப்பார் என்னைக் கேட்டார்கள். பிறகு சுரண்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்து கேட்டார்கள். நான் நோட்டைப் புரட்டி, இவனுக்கு நாற்பது தரலாம், அவனுக்கு இருபதுக்கு மேல் வேண்டாம் என்பேன். அடி பலமாக விழுகிறது என்பதற்காக நான் விலை ஏற்றுவதில்லை. அவனைப் போல இன்னும் எத்தனை பேர் கிடைப்பார்கள், வேறு யார் அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வயது என்ன, முட்டி எப்படி, இரண்டாம் நாள் காலையில் எழுந்து வருவானா, இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்வேன். கடைசியில் பேசி முடிகிற தொகை பெரும்பாலும் நான் சொன்னதை ஒட்டியே இருக்கும். அதில் எனக்குப் பெருமை அதிகம். சங்கத்தில் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை.

எங்கள் கிளப்பில் அப்போது ஒருவன் இருந்தான். குத்துக்கல்வலசைக்காரன். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. இருபத்துநாலு வயது, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. விடிவதற்கு முன்பே பஸ்ஸைப் பிடித்து மார்க்கெட்டுக்குப் போய், மத்தியானம் வரை வெங்காய மூட்டையும் கத்தரிக்காய் மூட்டையும் சுமந்துவிட்டுச் சாயங்காலம் மைதானத்தில் அவன் எம்புகிற எம்பு இருக்கிறதே, அதை நம்புவது கஷ்டம். வலைக்கு மேலே இடுப்பு தெரிவதாகப் பார்க்க வருகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது மிகை. ஆனால் என் நோட்டில் அவனுக்கு நேராக இருந்த எண்கள் மிகை இல்லை. அடித்த மூன்று பந்தில் இரண்டு தரையில் விழுந்தது. வேறு எவனுக்கும் பாதியைத் தாண்டியதில்லை. ஆட்டம் இறுகினால் இன்னும் நன்றாக அடிப்பான்.

கிளப்பில் அவனுக்கு ஒரு வருஷப் பேச்சு. ஆட்டத்துக்குப் பதினைந்து ரூபாய், வருஷத்துக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. பங்குனியோடு அந்த வருஷம் முடிந்தது. அடுத்து எந்த கிளப்புக்கும் கம்பெனிக்கும் போக அவனுக்குத் தடையில்லை. தூத்துக்குடியில் ஒரு கம்பெனி டீம் அவனை விசாரித்ததாக எனக்குத் தெரியவந்தது. அவனுக்கு அது தெரியாது.

அந்த ஆனியில் சாரல் நன்றாக விழுந்தது. குற்றாலத்தில் சீசன் டோர்னமென்ட். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றின் விளையாட்டு அதிகாரி குடும்பத்தோடு குளிக்க வந்தவர், தூறலில் நின்றபடியே இரண்டு நாள் ஆட்டம் பார்த்தார். இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்ததும், மறுநாள் காலை தான் தங்கியிருந்த லாட்ஜுக்கு என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சங்கத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

போவதற்கு முந்தின நாள் சாயங்காலமே எதற்காகக் கூப்பிடுகிறார் என்று ஊகித்து, நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தேன். மில் டீம்கள் என்ன கொடுக்கின்றன என்பது எனக்கு ஓரளவு தெரியும். தூத்துக்குடிக்காரர்கள் விசாரித்ததையும் சேர்த்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: நானூறு, நிரந்தர வேலை. எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. என்ன என்று நான் யோசிக்கவில்லை.

அதிகாரி லாட்ஜ் வராந்தாவில் எண்ணெய் தேய்த்த உடம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனுஷர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார்.

"நம்ம மில்லுக்கு அடிக்கிற ஆள் ஒருத்தர் வேணுங்க. உங்க பையனைப் பார்த்தேன். அவரைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன குடுத்தா வருவாருங்க?"

நானூறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நொடி எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன், தலையில் சும்மாட்டுத் துணியோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறவன், என்னைவிடத் தொண்ணூறு ரூபாய் அதிகம் வாங்கப் போகிறான். நான் பி.யு.சி. பாஸ். ஒன்பது வருஷ சர்வீஸ்.

"இருநூத்தி எழுபத்தஞ்சுன்னா வந்துருவான் சார்" என்றேன்.

அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "அவ்வளவு போதுங்களா?"

"போதும் சார்."

"பெர்மனென்ட் கேப்பாருங்களா? எங்ககிட்ட பெர்மனென்டும் இருக்கு, மூணு வருஷ ஒப்பந்தத்துல டெம்பரரியும் இருக்கு."

"கேக்க மாட்டான் சார். மூட்டை தூக்குதவன்தானே. அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்."

விலையைக் குறைத்ததைவிட இந்த வாக்கியம்தான் என்னை அதிகம் தின்றிருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அவனும் அவன் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் மார்க்கெட்டிலிருந்து ஒரு பை நிறையக் காய்கறி கொண்டுவந்திருந்தான். என் மனைவி வேண்டாம் என்று சொல்லியும் அடுக்களை வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

"கோயம்புத்தூர் சார் நாளைக்கு வரச்சொல்லிருக்காவ அண்ணாச்சி. எவ்வளவு கேக்கணும்னு நீங்கதான் சொல்லணும். உங்களுக்குத் தெரியாம நான் என்னத்தக் கேக்க?"

"இருநூத்தி எழுபத்தஞ்சு சொல்லுவாவ. சரின்னுரு" என்றேன்.

அவனுக்குச் சந்தோஷம். மார்க்கெட்டில் எல்லா நாளும் வேலை கிடைத்தால் இருநூறு தேறும், அவ்வளவுதான். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அங்கன வீட்டு வாடகை இருக்குல்லா அண்ணாச்சி. பால் வாங்கணும். முந்நூத்தம்பது கேட்டா குடுக்க மாட்டாவளா?"

"கூட கேட்டா வேற ஆளப் பாத்துட்டுப் போயிருவாவம்மா."

"அப்படிச் சொன்னாவளா?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் அவளைத் தடுத்தான். "ஏட்டி, அண்ணாச்சி தெரியாமலா சொல்லுதாவ. சும்மா இரி."

அவள் சும்மா இருந்தாள். ஆனால் போகும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவன் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். ஆடி பிறக்குமுன் மூன்று பேரும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். அவ்வப்போது இன்லண்ட் லெட்டர் எழுதுவான். கோழி கிளறியது போன்ற கையெழுத்து. எந்த ஊரில் ஆடினார்கள், எத்தனைக்கு எத்தனை, யார் நன்றாக பிளாக் செய்தான் என்று நான் நோட்டில் எழுதுவது மாதிரியே எழுதுவான். பதில் போட உட்கார்ந்தால் எனக்குப் பாதியில் பேனா நின்றுவிடும். நான்கு கடிதத்துக்கு ஒரு பதில் போட்டேன்.

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் இல்லை. குறைத்துச் சொன்னதால்தான் வேலை கிடைத்தது என்றேன். மூட்டை தூக்குவதிலிருந்து தப்பித்தானே என்றேன். பகலில் இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மைதானத்தில் உட்கார்ந்து வேறொருவன் பந்தை வலையில் அடிப்பதைப் பார்க்கும்போது சரியாக இருக்காது.

இரண்டாம் வருஷம் சங்க வேலையாகப் பத்து நாள் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போகவேண்டி வந்தது. அவன் குடியிருந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். ஒற்றை அறை. அவன் மனைவி காப்பி கொடுத்தாள், அதிகம் பேசவில்லை. அவன் என்னை மில் மைதானத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே டீமில் இன்னொரு ஆட்டக்காரனைப் பார்த்தேன். நல்ல உயரம், ஆனால் அடி சுமார். அரைமணி நேரம் பார்த்தாலே தெரிந்துவிடும், நம்மவனில் பாதி.

"அவனுக்கு நானூத்திப் பத்து அண்ணாச்சி. பெர்மனென்ட்" என்றான் அவன். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னான். "அவனுக்காகப் பேசுததுக்கு அவன் மாமா இருந்தாரு. எனக்கு நீங்க இருந்தீங்க. இல்லைன்னா நான் இருநூறுக்கே தலையாட்டிட்டு வந்திருப்பேன்."

நான் ஷூ லேஸைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

அதிகாரியையும் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல ஆளைக் குடுத்தீங்க. நானூத்தி இருபத்தஞ்சு வரைக்கும், பெர்மனென்டாவே போட்டுக்கலாம்னு மேல உத்தரவு வாங்கிட்டுத்தான் குற்றாலம் வந்தனுங்க. நீங்க இருநூத்தி எழுபத்தஞ்சுன்னதும் எனக்கே ஆச்சரியம். கம்பெனியில எனக்கு நல்ல பேருங்க."

என் மதிப்பீடு சரியாகத்தான் இருந்திருக்கிறது. பென்சிலால் நான் எழுதியதற்கும் அவர் கொண்டுவந்ததற்கும் இருபத்தைந்து ரூபாய்தான் வித்தியாசம். அந்த நிலையிலும் ஒரு நிமிஷம் எனக்கு அது பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இப்ப கூட்டிக் குடுக்க முடியாதா சார்? அவனை நிரந்தரமாக்கிட்டா..."

"மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சுங்களே. முடியட்டும், அப்ப பேசிக்கலாம்."

மூன்று வருஷம் முடிந்ததும் எல்லாவற்றையும் நேர்செய்துவிடலாம் என்று நம்பினேன். ஊருக்குத் திரும்பியதும் தூத்துக்குடிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஒப்பந்தம் முடிந்தபின் ஐந்நூறுக்குக் குறைந்து வராது என்று கணக்குப் போட்டு அவனுக்கும் எழுதினேன். அந்த முறை உண்மையான தொகையைத்தான் எழுதினேன்.

ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தபோது, ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆட்டத்தில், எம்பி அடித்துவிட்டு இறங்குகையில் அவனுடைய வலது முட்டி பிசகியது. சாதாரணப் பிசகு இல்லை. உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், மறுபடியும் போட்டார்கள். மில் அவனைத் துரத்தவில்லை. ஒப்பந்தம் முடிகிற தேதிவரை சம்பளம் கொடுத்தது. தேதி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, கைகொடுத்து, ஒரு மாதச் சம்பளம் அதிகமாகக் கொடுத்து அனுப்பிவிட்டது. அதே டீமில் நிரந்தரமாக இருந்த ஒருவனுக்குத் தோள் போனபோது, அவனை பேக்கிங் பிரிவில் உட்கார வைத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். என் தூத்துக்குடிக் கடிதத்துக்கு வந்திருந்த பதில் மேஜையில் கிடந்தது. ஆளை ஒருமுறை வந்து ஆடிக்காட்டச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் குத்துக்கல்வலசைக்குத் திரும்பினார்கள். அந்த முட்டியோடு மூட்டை தூக்க முடியாது. ஒரு மாதம் வீட்டில் கிடந்தான். பிறகு அவன் மனைவிதான் புறப்பட்டாள். பாவூர்சத்திரத்தில் அவனுக்குத் தெரிந்த வியாபாரிகளிடம் காய் எடுத்து, தென்காசியில் சாக்கை விரித்துப் போட்டு விற்க ஆரம்பித்தாள். மொத்தக் கடையில் அவள் பேரம் பேசுவதை ஒருநாள் தூரத்தில் நின்று பார்த்தேன். குரலை உயர்த்தவே மாட்டாள். வியாபாரி ஒரு விலை சொன்னால் பேசாமல் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவனே இறங்கி வருவான். அன்று என் வீட்டில் அவளைப் பேசவிட்டிருந்தால் என்னையும் இறக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் பஸ் ஏறினேன்.

நான் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். எங்கள் சங்கத்துக் குடோனுக்கு அவனை வாட்ச்மேனாகப் போடச் சொல்லித் தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அந்த வேலை அவருடைய சொந்தக்காரருக்குப் போயிற்று. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பகலில் நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தராசுச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நான் நானூறுன்னு எழுதி வச்சிருந்தேன். ஆபீசர்ட்ட இருநூத்தி எழுபத்தஞ்சுன்னு சொன்னேன்" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவன் சங்கிலியைக் கீழே வைத்தான். "எதுக்கு அண்ணாச்சி?"

"எனக்கு அப்ப சம்பளம் முந்நூத்திப் பத்து."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தது முகத்தில் தெரிந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் கையை நீட்டினான்.

"அந்த நோட்டக் காட்டுங்க."

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி, நான் நானூறு ரூவா ஆளாம்லா" என்றான். குரலில் கோபத்தைத் தேடினேன். இருந்தது மகிழ்ச்சிதான். அதை என்னால் தாங்கவே முடியவில்லை.

அவள் வாசற்படிவரை வந்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் அதற்குப் பிறகும் என்னிடம் முகம் கோணவில்லை. சில சாயங்காலங்களில் மைதானத்துக்கு வந்து என் பெஞ்சிலேயே உட்காருவான். நான் ஸ்கோர் மட்டும் எழுதினேன். யாராவது வந்து இன்னாருக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன். ஒன்றிரண்டு முறை அவனே பக்கத்திலிருந்து ஒரு தொகை சொன்னான். நான் சொல்லியிருக்கக்கூடியதைவிட அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஆனால் அன்று நான் முழுவதையும் சொல்லவில்லை. என் நோட்டில் இருந்ததைச் சொன்னேன். அதிகாரி என்ன உத்தரவோடு வந்திருந்தார் என்பதைச் சொல்லவில்லை. நோட்டில் இருந்தது என் எண்ணம் மட்டும்தான், மில் அவ்வளவு கொடுத்திருக்குமோ என்னவோ என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் ஒரு பகுதியை எனக்காக ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காலை பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் அவன் மனைவி, மடியில் முருங்கைக்காய்க் கட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"அந்த ஆபீசர் மனசுல எவ்வளவு வச்சிக்கிட்டு வந்தாரு?"

அவள் கேட்டது காதில் விழாத மாதிரி நான் இருந்திருக்கலாம். பஸ்ஸில் அவ்வளவு இரைச்சல்.

"நானூத்தி இருபத்தஞ்சு" என்றேன். "பெர்மனென்ட்."

"அவர் வாயால சொன்னாரா?"

"எங்கிட்டயே சொன்னாரு. ரெண்டாம் வருஷம் நான் வந்தப்ப."

அவள் உதடு லேசாக அசைந்தது. "நூத்தம்பது. மாசா மாசம்" என்றாள். பிறகு, "பெர்மனென்ட்னா காலு போனப்பொறவும் வச்சிருந்திருப்பாவளா?"

"வச்சிருந்திருப்பாவ."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குத்துக்கல்வலசையில் பஸ் நின்றதும் கட்டை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். நிறுத்தத்தில் அவன் அவளுக்காகக் காத்து நின்றான். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அவள் கட்டை அவனிடம் கொடுக்காமல் முன்னால் நடந்தாள். அவன் காலை இழுத்தபடி பின்னால் போனான்.